வட்டு போய்விட்டது என்றார்கள், போகவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துச் சிறுநகரத்தில் மடிக்கணினியின் திரையை மாற்றவோ விசைப்பலகையை மாற்றவோ ஆள் கிடைப்பது கடினமில்லை. ஆனால் ஒரே எஸ்எஸ்டி வட்டில் விண்டோஸையும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் கணினி தொடங்க மறுத்தால், அதன் காரணத்தைப் பொறுமையாகத் தேடிப் பார்ப்பவர் கிடைப்பது அரிது. பக்கத்துப் பெருநகரமான ஈப்போவுக்குக் கொண்டுபோனாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது என்பதைக் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். என் தகவல் எதுவும் அழியாத ஒரு கணினியை வைத்துக்கொண்டு இரு வாரத்துக்கு மேல் அலைந்தேன். இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் வேறொருவருக்காவது அந்த அலைச்சல் குறையட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு லோரியில் ஏற்றிச் செல்லும் ஒரு குத்தகையாளரிடம் நான் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். அதற்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மாலையில் பைத்தான் நிரலாக்கம் படிப்பதற்கு எனக்கு உபுண்டு வேண்டும். பினாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி, பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை வாங்கி இரண்டையும் நிறுவிக் கொடுத்தான். விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பிரிவை, அதாவது வட்டில் அதற்குரிய பகுதியை, சுருக்கி உபுண்டுவுக்கு 120 ஜிபி இடம் ஒதுக்கினான். அந்தக் கணினி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது சேமிப்பகம் ரெய்டு நிலையில் இருந்தது; கணினி வட்டை அணுகும் முறைகளில் அது ஒன்று, ஏஎச்சிஐ இன்னொன்று. அந்த நிலையில் உபுண்டு நிறுவிக்கு வட்டே தெரியவில்லை. எனவே விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் தொடங்கும்படி முதலில் அமைத்துவிட்டு, கணினிப் பலகையின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸில் ரெய்டை ஏஎச்சிஐ ஆக மாற்றினான். தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் அதில் இருப்பதால், நம்பகமான தொடக்க நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை இயங்கும்படியே வைத்து, விண்டோஸ் பிரிவுக்கு பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டும் போட்டான். மீட்புச் சாவியைத் தன் இணையக் கணக்கில் சேமித்துக்கொண்டான். இவை எதையும் நான் அறிந்திருக்க வேண்டிய தேவை அப்போது ஏற்படவில்லை. கணினியை இயக்கினால் உபுண்டுவின் தொடக்க நிரலான கிரப்பின் பட்டியல் வரும், உபுண்டு ஓடும். விண்டோஸ் வேண்டுமென்றால் எஃப்12 விசையை அழுத்தித் தேர்ந்தெடுப்பேன். ஓராண்டுக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லை.

பிறகு மின்கலம் உப்பத் தொடங்கியது. தொடுபலகை மேலே எழும்பி, மூடியைச் சரியாக மூட முடியவில்லை. நகரத்திலேயே ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். கடிகாரத்துக்கான சிறு மின்கலமும் தீர்ந்திருக்கிறது என்று சொல்லி அதையும் மாற்றினார்கள். முதன்முறை இயக்கியபோது நாளும் நேரமும் அமைக்கப்படவில்லை என்ற அறிவிப்பு வந்திருக்கிறது. பழுதுபார்த்தவர் பயோஸுக்குள் போய் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிச் சேமித்துவிட்டார். பழுதுபார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். விண்டோஸ் மட்டும் உள்ள, யாரும் எதையும் மாற்றாத கணினியாக இருந்தால் அதனால் ஒரு கேடும் வந்திருக்காது. என் கணினியில் கிரப் வரவில்லை. விண்டோஸ் நேராகத் தொடங்கப் பார்த்தது, நீலத் திரை வந்தது, தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்றைக் காட்டிவிட்டு மறுபடி தொடங்கியது. அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது.

"டிஸ்க் போச்சுக்கா, புதுசு போடணும்" என்றார் கடைக்காரர். புதிய எஸ்எஸ்டிக்கு 280 ரிங்கிட், பழையதிலிருந்து தகவலை எடுக்க வெளியே அனுப்பினால் 600 ரிங்கிட்டுக்குக் குறையாது என்று கணக்கும் சொன்னார். அப்போது மாதத்தின் முதல் வாரம். ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பங்களிப்பும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பான சொக்சோவும் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும்; அந்த மாதச் சம்பளக் கணக்கு முழுவதும் அந்த வட்டில்தான் இருந்தது. முந்தைய மாதங்களின் நகல் விரலியில் (பென்டிரைவில்) இருந்தது, அந்த மாதத்தினுடையது இல்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். முதலாளியிடம் சொல்லும் துணிவு அன்று வரவில்லை.

இரவு தம்பியை அழைத்தேன். அவன் வட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எஃப்12 அழுத்துனா உபுண்டுன்னு பேரு வருதாக்கா? வந்தா அதைத் தட்டிப் பாரு, என்ன எழுத்து வருதுன்னு படம் எடுத்து அனுப்பு" என்றான். பெயர் இருந்தது. தட்டியதும் பழக்கமான கிரப் பட்டியல் வந்தது. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தேன், சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, இன்ன யூயூஐடி (பிரிவின் அடையாள எண்) உள்ள பிரிவு இல்லை என்று சொல்லி, இனிட்ராம்எஃப்எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் துடிக்கும் குறியோடு கறுப்புத் திரை நின்றுவிட்டது. படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினேன். உடனே அழைத்தான். "அந்தப் பட்டியலே அந்த எஸ்எஸ்டியிலேருந்துதான் வருது. வட்டு செத்திருந்தா அது எப்படி வரும்?"

இதை அந்த மாதம் முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணினி தொடங்குவது ஒரே செயல் அல்ல. ஒருவர் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகும் வரிசை. முதலில் பலகையில் உள்ள யூஇஎஃப்ஐ, அதாவது இன்றைய கணினிகளின் பயோஸ், எழுகிறது. அது தன் நினைவகத்தில் குறித்துவைத்திருக்கும் தொடக்கப் பதிவுகளைப் பார்த்து, வட்டில் தொடக்கக் கோப்புகளுக்கென்று இருக்கும் இஎஃப்ஐ பிரிவில் உள்ள கோப்பு ஒன்றை ஓடவிடுகிறது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறைக்குள் ஒரு கோப்பு, உபுண்டுவுக்கு உபுண்டு என்ற கோப்புறைக்குள் ஷிம் என்ற கோப்பு. ஷிம் கிரப்பை அழைக்கும், கிரப் இயங்குதளத்தின் மையமான கருவகத்தை ஏற்றும், கருவகம் தன் சொந்த இயக்கிகளைக் கொண்டு வட்டைத் தேடிப் பிடிக்கும். கிரப் வரையில் வட்டைப் படிப்பதெல்லாம் யூஇஎஃப்ஐயின் துணையோடு நடக்கிறது. கருவகத்துக்கு அந்தத் துணை இல்லை. ஆகவே கிரப் பட்டியல் வந்து, அதற்குப் பிறகு வட்டு தெரியவில்லை என்றால், வட்டு நலமாகவே இருக்கிறது, கருவகத்தின் கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். விண்டோஸின் நீலத் திரையும் சொன்னது ஏறக்குறைய இதைத்தான்: அதன் தொடக்க நிரல் ஓடிவிட்டது, கருவகமும் ஏறிவிட்டது, ஆனால் ரெய்டு நிலையில் வட்டை அணுகும் இயக்கி தொடக்கத்திலேயே ஏறும்படி அமைக்கப்படாததால் அங்கே நின்றுவிட்டது. தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் கங்காணியின் பெயர்ப் புத்தகம் தொலைந்துபோனால் அன்று வேலை தொடங்காது, ஆனால் ஆட்கள் எல்லாரும் லயத்தில்தான் இருப்பார்கள். தொடக்கச் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை.

எனவே, கணினி தொடங்கவில்லை என்றால் எதையும் மாற்றுவதற்கு முன்பு, கடைசியாகத் திரையில் வந்த எழுத்தை அப்படியே படம் எடுத்துவிடுங்கள். "ஓடவில்லை" என்று சொல்வதைவிட அந்த ஒரு படம் பத்து மடங்கு உதவும். அதேபோல், மடிக்கணினியை எந்தப் பழுதுக்காகக் கடையில் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்பு பயோஸுக்குள் போய் சேமிப்பக நிலை ரெய்டா ஏஎச்சிஐயா, செக்யூர் பூட் இயங்குகிறதா, தொடக்க வரிசையில் எது முதலில் இருக்கிறது என்னும் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் கணினியில் ரெய்டு திரும்பி வந்திருந்தது, விண்டோஸ் வரிசையில் முதலில் ஏறியிருந்தது. தம்பிக்குப் பழைய அமைப்பு நினைவில் இருந்ததால் பிழைத்தேன். வேறு யாராவது நிறுவிக் கொடுத்து ஊர் மாறிப் போயிருந்தால், படம் இல்லாமல் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஏஎச்சிஐக்கு நானே மாற்றியிருக்கலாம். பயோஸில் அந்த வரியைத் தொட்டதும், இதை மாற்றினால் இயங்குதளம் தொடங்காமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. சம்பளக் கணக்கு உள்ளே இருக்கும்போது அதைப் படித்துவிட்டு ஆம் என்று சொல்ல என் கை போகவில்லை. தம்பிக்கும் அந்த வாரம் இரவு வேலை. ஈப்போவில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், "ரெய்டை ஏஎச்சிஐ ஆக மாற்றவும், வேறு எதையும் தொட வேண்டாம்" என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். முன்னால் நிற்கும்போதே மாற்றிக் காட்டினார்கள்; கூடவே செக்யூர் பூட்டையும் அணைத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நீலத் திரையின் அடம் ஒழிந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு நீலத் திரை வந்தது. அது பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டது.

இந்தச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது, ஆறு ஆறாக எட்டுக் கூறுகள். திரையில் சாவிக்கான அடையாளக் குறியீடு ஒன்றும் இருக்கும். இணையக் கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், அந்தக் குறியீட்டின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுத்தான் சரியானதை எடுக்க வேண்டும். தம்பியின் கணக்கில் பழைய கணினியின் சாவியும் இருந்தது. அவன் தொழிற்சாலை ஓய்வறையிலிருந்து எண்களைப் படிக்க, நான் கடையின் ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இரைச்சலில் ஒரு கூறு தவறாக விழுந்துவிட்டது. அப்போதுதான் அவன் ஒரு சூத்திரம் சொன்னான்: சாவியின் ஒவ்வோர் ஆறிலக்கக் கூறும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைக்கப்பட்டது. கைப்பேசியின் கணிப்பானில் எட்டையும் வகுத்துப் பார்த்தேன். ஐந்தாவது கூறு வகுபடவில்லை. அதை மட்டும் மறுபடி கேட்டு எழுதினேன், விண்டோஸ் திறந்தது. சம்பளக் கோப்பு அப்படியே இருந்தது. கடையிலேயே விரலியில் நகல் எடுத்துக்கொண்ட பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

பிட்லாக்கர் ஏன் கேட்டது என்பது பிறகு புரிந்தது. அது தன் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் வைத்துப் பூட்டும்போது, கணினி எந்த நிலையில் தொடங்கியது என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்கிறது. செக்யூர் பூட் இயங்கிய நிலையில் பூட்டியதை அணைந்த நிலையில் திறக்கக் கேட்டால், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கருதி மீட்புச் சாவி கேட்கிறது. செக்யூர் பூட்டை இயங்கும்படியே விட்டிருந்தால் பெரும்பாலும் கேட்டிருக்காது. ஆகவே பயோஸில் எதையாவது மாற்றப் போகிறீர்கள், அல்லது கடையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பு விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் மீண்டும் தொடரச் செய்யலாம். சாவியைத் தாளில் அச்சிட்டு வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். அதே கணினிக்குள் மட்டும் சேமித்துவைத்தால் தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்க வழியில்லை. வேறொருவர் பெயரில் இருக்கும் கணக்கில் உங்கள் சாவி இருந்தால், அவருடன் நல்லுறவு இருக்கும்போதே ஒரு நகல் வாங்கிவிடுவது நல்லது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், மின்விசிறியைச் சுத்தம் செய்து தருகிறோம் என்றார்கள், வைத்துவிட்டு வந்தேன். திரும்பப் போனபோது பழுதுபார்த்த இளைஞர் மகிழ்ச்சியோடு, "அந்தக் கறுப்புத் திரை இனிமே வராதுக்கா, க்ளீன் பண்ணிட்டேன்" என்றார். கிரப் பட்டியலை அவர் வேண்டாத ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இஎஃப்ஐ பிரிவை அழித்து வடிவமைத்து, பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸின் தொடக்கக் கோப்புகளை மட்டும் புதிதாக எழுதியிருக்கிறார். பயன்படாமல் கிடக்கும் 120 ஜிபியையும் விண்டோஸோடு சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சற்று உரக்கவே சொன்னேன். 120 ரிங்கிட் கட்டினேன். முதல் கடையில் மின்கலத்துக்கு மேல் சோதனைக் கட்டணமாகக் கொடுத்த 40 ரிங்கிட் தனி. அவர் மீது எனக்கு அன்று வந்த கோபம் பெரிது, இன்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. விண்டோஸின் வட்டு மேலாண்மைச் சாளரத்தில் உபுண்டுவின் பிரிவுக்கு சி, டி போன்ற எழுத்தும் இருக்காது, பெயரும் இருக்காது, வெறுமனே கிடக்கும் இடம்போலத்தான் தோன்றும். அந்த மாத இபிஎஃப் தொகையைக் கெடுவுக்குள் செலுத்திவிட்டேன். ஆனால் எஃப்12 பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பதிவு மட்டும் தொலைந்து, கோப்பு இஎஃப்ஐ பிரிவில் இருந்தால், பல கணினிகளின் பயோஸிலேயே தொடக்கப் பதிவைச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் உபுண்டு கோப்புறைக்குள் இருக்கும் ஷிம் கோப்பைக் காட்டிப் பெயர் கொடுத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது மைக்ரோசாஃப்ட் கோப்புறையும் பூட் என்ற பொதுக் கோப்புறையும் மட்டுமே இருந்தன. கோப்பே இல்லாதபோது பதிவு போட்டுப் பயனில்லை. கிரப்பைத் திரும்ப நிறுவியாக வேண்டும். உபுண்டுவின் பிரிவு தொடப்படாமல் இருந்ததால், மறுபடி முழுவதும் நிறுவ வேண்டிய தேவை இல்லை.

அதற்கு நிறுவாமலே ஓடும் உபுண்டு யூஎஸ்பி விரலி வேண்டும். 25 ரிங்கிட்டுக்கு ஒரு விரலி வாங்கினேன். நிறுவிக் கோப்பு 5 ஜிபிக்கும் மேல். எங்கள் பகுதியின் கைப்பேசி இணையத்தில் இரவெல்லாம் இறங்கியது. உங்கள் கணினி நலமாக ஓடும்போதே இந்த விரலியைத் தயாரித்து மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள். ஓடாத கணினியை வைத்துக்கொண்டு இதைத் தயாரிக்க இன்னொருவர் கணினியைக் கடன் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். விரலியிலிருந்து தொடங்கும்போது, சில கணினிகளின் எஃப்12 பட்டியலில் அதே விரலி இரண்டு முறை தெரியும். யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பயோஸ் முறையில் தொடங்கினால் எல்லாக் கட்டளைகளும் ஓடுவதுபோலத் தோன்றி, கடைசியில் பலகையின் நினைவகத்தில் பதிவு எழுத முடியாது என்று கைவிரித்துவிடும். தொடங்கியபின் சிஸ் கோப்புறையின் ஃபர்ம்வேர் பகுதிக்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் சரியான முறையில் வந்திருக்கிறீர்கள்.

பிறகு செய்தவை இவை. பிரிவுகளை எல்எஸ்பிஎல்கே கட்டளையால் கோப்பு முறைமையோடு பட்டியலிட்டுப் பார்த்தேன். ஈஎக்ஸ்டி4 என்று 120 ஜிபி அளவில் தெரிந்தது உபுண்டு. ஃபாட்32 வடிவில் 100 எம்பி அளவில் தெரிந்தது இஎஃப்ஐ பிரிவு. பிட்லாக்கர் என்று தெரிந்தது விண்டோஸ். இதைத் தாளில் எழுதி ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த கட்டளைகள் எல்லாம் இந்தப் பெயர்களை நம்பியே நடக்கும். உபுண்டு பிரிவை எம்என்டி கோப்புறையில் ஏற்றி, அதற்குள் பூட் கோப்புறையின் இஎஃப்ஐ இடத்தில் இஎஃப்ஐ பிரிவை ஏற்றினேன். டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கையும், சிஸ்ஸுக்குள் இருக்கும் இஎஃப்ஐவார்ஸ் பகுதியையும் அதனுள் இணைத்தேன். சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே நுழைந்ததும், விரலியில் ஓடும் உபுண்டுவை விட்டு நம் சொந்த உபுண்டுவுக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். அங்கே கிரப்-இன்ஸ்டால், அதன்பின் அப்டேட்-கிரப், இவ்வளவுதான். பிழையில்லாமல் முடிந்தது என்ற ஒற்றை வரியைப் பார்த்து அவ்வளவு மகிழ்ச்சி அடைவேன் என்று நினைத்ததில்லை. இவற்றைத் தானாகச் செய்துதரும் பூட்-ரிப்பேர் என்ற கருவியும் உண்டு. அதைப் பயன்படுத்துபவர்கள் சரிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு அறிக்கை மட்டும் தரும் பொத்தானை அழுத்திப் படித்துவிடுவது நல்லது.

மறுதொடக்கம் செய்தேன். கிரப் வந்தது, உபுண்டுவின் சின்னம் வந்தது, பிறகு ஒரு வட்டுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி 1 நிமிடம் 30 நொடி எண்ணிவிட்டு, அவசர நிலையில் இருக்கிறீர்கள் என்று கறுப்புத் திரையைக் காட்டியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் இப்படி நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இதைப் பற்றி எந்த வழிகாட்டியிலும் நான் படித்திருக்கவில்லை. காரணம் மிக எளியது. எந்தெந்தப் பிரிவை எங்கே ஏற்ற வேண்டும் என்று உபுண்டு எஃப்ஸ்டாப் என்ற கோப்பில் எழுதிவைத்திருக்கிறது; அதில் இஎஃப்ஐ பிரிவு அதன் யூயூஐடியால் குறிக்கப்பட்டிருக்கும். கடையில் அந்தப் பிரிவை வடிவமைத்தபோது அதற்குப் புதிய யூயூஐடி பிறந்துவிட்டது. உபுண்டு பழைய எண்ணைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிட்டது. என்டர் விசையை அழுத்தி உள்ளே போய், பிஎல்கேஐடி கட்டளையால் இப்போதைய எண்ணைப் பார்த்தேன். ஃபாட்32 பிரிவின் எண் நான்கு எழுத்து, ஒரு கோடு, நான்கு எழுத்து என்று சிறியதாக இருக்கும், எழுதிக்கொள்வது எளிது. நானோ திருத்தியில் எஃப்ஸ்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிச் சேமித்தேன். அடுத்த தொடக்கத்தில் என் பழைய திரை வந்தது, பாதியில் விட்டிருந்த பைத்தான் பயிற்சி உட்பட. இஎஃப்ஐ பிரிவு வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், சிஎச்ரூட்டுக்குள் இருக்கும்போதே இந்த வரியையும் திருத்திவிடுங்கள். ஒரு சுற்று மிச்சமாகும்.

கிரப் பட்டியலில் விண்டோஸ் இல்லை என்று பலர் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைத்துவைக்கப்படுகிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு அப்டேட்-கிரப் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். நான் அதைச் செய்யவில்லை. பிட்லாக்கர் உள்ள விண்டோஸை கிரப் வழியாகத் தொடங்கினால், தொடக்கப் பாதை மாறிவிட்டது என்று சொல்லி மீட்புச் சாவியைக் கேட்கும் வாய்ப்பு உண்டு. எஃப்12 அழுத்தி விண்டோஸை நேராகத் தேர்ந்தெடுக்கும் பழைய பழக்கமே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. இந்த விசை எல்லாக் கணினியிலும் எஃப்12 அல்ல. எச்பியில் எஃப்9 என்று பார்த்திருக்கிறேன். உங்கள் கணினியில் எது என்பதை இன்றே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

என் கணினியில் வராத, ஆனால் பிறருடைய கணினிகளில் பார்த்துக் கொடுத்தபோது கற்றுக்கொண்ட சிலவும் உண்டு. கிரப் என்ற சொல்லோடு மட்டும் குறி துடித்தால், கிரப் முழுமையாக ஏறிவிட்டது, பட்டியல் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை என்று பொருள். கிரப் ரெஸ்கியூ என்று நின்றால் அதன் சொந்த உறுப்புக் கோப்புகளே கிடைக்கவில்லை, பெரும்பாலும் யாரோ பிரிவை அழித்திருப்பார்கள் அல்லது நகர்த்தியிருப்பார்கள். விண்டோஸ் பக்கத்தில் 0எக்ஸ்சி000000இ போன்ற எண்ணோடு நீலத் திரை வந்தால் அதன் தொடக்கத் தரவுக் கோப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். மீட்புச் சூழலின் கட்டளைத் திரையிலிருந்து பிசிடிபூட் கொடுத்துச் சரிசெய்யலாம், இஎஃப்ஐ பிரிவை வடிவமைக்க வேண்டிய தேவையே இல்லை. பழைய பயோஸ் முறையின் தொடக்கப் பகுதியான எம்பிஆரைச் சரிசெய்யும் கட்டளையை இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினியில் அதனால் ஒன்றும் ஆகாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, இரண்டு இயங்குதளம் உள்ள சில கணினிகளில் ஷிம்மின் எஸ்பாட் சோதனை தோற்றது என்ற அறிவிப்போடு லினக்ஸ் தொடங்காமல் நின்றது. பழைய, ஓட்டையுள்ள தொடக்க நிரல்களைத் தடுக்கும் பட்டியல் அது. அந்த வரி வந்தால் கிரப்பை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய், ஷிம்மைப் புதுப்பிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இப்போது நான் தாளில் எழுதிக் கொடுப்பது கொஞ்சம் நீளம். இந்த வட்டில் இரண்டு இயங்குதளங்கள் உள்ளன. எழுத்தில்லாத பிரிவுகள் காலி இடம் அல்ல. எந்தப் பிரிவையும் அழிக்கவோ வடிவமைக்கவோ கூடாது. பயோஸைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப நேர்ந்தால் ஏஎச்சிஐயும் செக்யூர் பூட்டும் இப்படி இருக்க வேண்டும். இந்தத் தாளைக் கணினியின் மேலேயே ஒட்டிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கிவைப்பவர் ஒருவர், பழுதுபார்ப்பவர் வேறொருவர். வட்டு போய்விட்டது என்று சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது, காட்டுங்கள் என்று கேளுங்கள். எஸ்எஸ்டியின் நலநிலையைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையை எடுக்க ஐந்து நிமிடம் போதும். முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும், முதல் கடைக்காரர் கணக்குச் சொன்ன 880 ரிங்கிட் நம்முடையது.

உபுண்டு மீண்டதும் செய்த இரண்டு சிறு திருத்தங்கள் பாக்கி. விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பு இயங்கினால், அணைத்த பிறகும் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து அதன் பிரிவில் எழுத முயன்றால் மறுத்துவிடும் அல்லது படிக்க மட்டும் விடும். அதை அணைத்துவிட்டேன். இன்னொன்று கடிகாரம்: பலகையின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் உபுண்டு உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால், நம் நாட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எட்டு மணி நேரம் பிசகும். புதிய மின்கலம் போட்ட பிறகும் நேரம் தவறுகிறதே என்று அதையும் பழுதாக நினைத்து மறுபடி கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் பலகைக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கருதச் சொன்னால் இரண்டும் ஒரே மணியைக் காட்டும்.